தாடை இறுகி வாய் திறக்கவில்லை: கன்னத்தில் நரம்பு மரப்பு ஊசி போடலாமா?

தக்கலைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். என் சித்தி மகனுக்கு 24 வயது. போன வாரம் கீழ்த்தாடையில் வலது பக்கக் கடைசிப் பல்லை எடுத்தார்கள். எடுத்த அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் பல் தேய்க்கப் போனவனுக்கு பிரஷ் உள்ளே நுழையவில்லை. அதற்கடுத்த நாள் ஒரு விரல் போவதே பெரும்பாடாகிவிட்டது. இப்போது கஞ்சித் தண்ணீரை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுகிறான். காய்ச்சல் இல்லை, வெளியே பெரிய வீக்கமும் இல்லை. காதுக்குக் கீழே தொட்டால் மட்டும் துடித்துப் போகிறான்.

பல் எடுத்த கிளினிக்கில் "தானாகச் சரியாகும், திறந்து திறந்து பழகு" என்றார்கள். அங்கே ஒருவர் மர ஸ்பூனைப் பல்லுக்கிடையில் வைத்து நெம்பியும் பார்த்தார். அன்றைக்கு ராத்திரி முழுக்க அவன் தூங்கவில்லை. பிறகு நாகர்கோவிலில் வேறொரு டாக்டரிடம் காட்டினோம். தாடை நரம்புக்குப் பக்கத்தில் மரப்பு ஊசி போட்டால் தசை தளரும், அதன்பிறகு வாயைத் திறந்து உள்ளே சரியாகப் பார்க்கலாம் என்று அவர் சொன்னார். சித்திக்கு ஒரே பயம். முகத்தில் ஊசி போட்டால் முகம் கோணிப் போகும், பேச்சு வராது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேளிமலை

தக்கலையில் இருந்துகொண்டு இதற்கு ஊசியா தம்பி? வர்ம ஆசான்மார் இருக்கிற மண் இது. எங்கள் மாமா ஒரு நாள் கொட்டாவி விட்டார், வாய் அப்படியே நின்றுவிட்டது. எச்சில் ஒழுகுகிறது, பேச முடியவில்லை. ஆசான் வந்து இரண்டு கட்டைவிரலையும் வாய்க்குள் விட்டு, கடைவாய்ப் பல்லுக்கு மேலே வைத்துக் கீழே அமுக்கிப் பின்னால் தள்ளினார். டக்கென்று மூடிவிட்டது. பையனை ஆசானிடம் ஒரு தடவை கூட்டிப் போங்கள். எண்ணெய் போட்டுத் தடவினாலே பாதி சரியாகும்.

பல்மருத்துவர்_மார்த்தாண்டம்

தக்கலைத் தம்பி, முதலில் ஸ்ட்ராவை இப்போதே நிறுத்துங்கள். உறிஞ்சுகிற இழுப்பில், பல் எடுத்த குழியில் உறைந்திருக்கும் இரத்தக் கட்டி பெயர்ந்துவிடும். எலும்பு திறந்து கிடந்தால் வலி இதைவிட மோசமாகும். கன்னத்து ஓரமாக ஸ்பூனில் ஊற்றிக் கொடுங்கள். வாய்க்குள் எதையும் வைத்து யாரும் நெம்பவும் கூடாது. வலியால் இறுகிய தசையை வலுக்கட்டாயமாக இழுத்தால் அது இன்னும் இறுகும். நார் கிழிந்து தழும்பாகிவிட்டால் பிறகு எந்த ஊசிக்கும் அது மசியாது.

வேளிமலை அண்ணன் சொன்னது நடந்திருக்கும், அதில் சந்தேகமே இல்லை. அவருடைய மாமாவுக்கு வந்தது தாடை மூட்டு நழுவல். அதில் வாய் திறந்தபடி நின்றுவிடும், மூட முடியாது. ஆசான் செய்த அதே கைமுறையைத்தான் நாங்களும் செய்கிறோம். ஹிப்போகிரட்டிஸ் காலத்திலிருந்து அதுதான் வழி. இந்தப் பையனுக்கு நிலைமை நேர் எதிர், வாய் மூடியபடி திறக்க மறுக்கிறது. இங்கே அமுக்கினால், உள்ளே சீழோ எலும்பு முறிவோ இருந்தால் கெடுதல்தான். வெளியே வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. மணிக்கு ஒரு தடவை 20 நிமிடம் கொடுங்கள் என்று நாங்களே சொல்கிறோம்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், கீழ்ப் பல்லை எடுக்கப் போடும் மரப்பு ஊசி தாடை எலும்பின் உள்பக்கமாகப் போகிறது. அங்கே மீடியல் டெரிகாய்டு என்கிற தசை இருக்கிறது. வாயை மூட உதவுகிற தசைகளில் அதுவும் ஒன்று. ஊசி நுனி அதைக் குத்தினாலோ, சின்ன இரத்தக் குழாயில் பட்டு உள்ளே இரத்தம் கசிந்தாலோ அந்தத் தசை இறுகிவிடும். எவ்வளவு கைதேர்ந்தவர் போட்டாலும் இது நடக்கலாம். அதனால் ஊசி போட்டவரைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்பூனால் நெம்பியதுதான் தப்பு.

ஒத்தடம், வெந்நீர் உப்புக் கொப்பளிப்பு, வலி மாத்திரை, மெதுவான பயிற்சி இவற்றிலேயே பலருக்கு இரண்டு மூன்று நாளில் தளர ஆரம்பிக்கும். அப்படித் தளராவிட்டால் உள்ளே சீழ் பிடித்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பார்ப்பதற்கு வாய் திறக்க வேண்டும், வாய்தான் திறக்க மாட்டேன் என்கிறது. இந்த இடத்தில்தான் பிளாக் என்கிற நரம்பு மரப்பு ஊசி கை கொடுக்கிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எச்சில்கூட விழுங்க முடியாமல் வடிகிறது, தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கெட்டியாக வீங்குகிறது, குரல் மாறுகிறது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் இந்த இழையில் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். உடனே 108ஐக் கூப்பிட்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அங்கே முதல் கவலை மூச்சுவழி, வாயெல்லாம் அப்புறம்.

மயக்கமருந்து_நாகர்கோவில்

நான் மயக்க மருத்துவர். சித்தியின் பயம் நியாயமான பயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூளையிலிருந்து வரும் ஐந்தாவது நரம்புக்கு மூன்று கிளைகள். மேல் இரண்டும் முகத்துக்கு உணர்ச்சி மட்டும் தருபவை. மூன்றாவது கீழ்த்தாடைக்குப் போகிறது, உணர்ச்சியோடு மெல்லும் தசைகளையும் அதுதான் இயக்குகிறது. பல்லைக் கடிக்கும்போது கன்னத்தில் புடைக்கிறதே, அது மாசெட்டர். பொட்டில் விரல் வைத்துக் கடித்தால் அசைவது டெம்போராலிஸ். இவை இரண்டோடு, டாக்டர் மேலே சொன்ன மீடியல் டெரிகாய்டும் சேர்ந்துதான் வாயை மூடுகின்றன. மூடும் தசைகள் திறக்கும் தசைகளைவிடப் பலமானவை. அதனால்தான் அவை இறுகிவிட்டால் நோயாளி என்ன முயன்றாலும் தானாகத் திறக்க முடிவதில்லை.

இந்தக் கீழ்த்தாடை நரம்பு மண்டையோட்டின் அடியில் ஒரு முட்டை வடிவ ஓட்டை வழியாக வெளியே வருகிறது. வந்தவுடனேயே தசைகளுக்கான கிளைகள் பிரிந்து போய்விடும். பல்லுக்கும் உதட்டுக்கும் போகிற கிளை அதற்கப்புறம் கீழே இறங்கும். வழக்கமாகப் பல் எடுக்கப் போடும் ஊசி அந்தக் கீழ்க் கிளையைத்தான் மரக்க வைக்கிறது. உதடு மரக்கும், பல் மரக்கும், இறுகிய தசை இறுகியபடியே இருக்கும். "ஏற்கெனவே ஊசி போட்டார்களே, அதில் தளரவில்லையே" என்று நோயாளிகள் கேட்பதற்குக் காரணம் இதுதான். தசை தளர வேண்டுமானால் கிளைகள் பிரியும் இடத்திற்கு அருகில், மேலே, மருந்து போய்ச் சேர வேண்டும்.

அங்கே போய்ச் சேர்ந்த மருந்து இரண்டு வேலை செய்கிறது. மூளையிலிருந்து தசைக்குப் போகும் 'இறுக்கு' என்கிற கட்டளை நிற்கிறது. தசையிலிருந்து மூளைக்குப் போகும் வலிச் செய்தியும் நிற்கிறது. வலித்தால் தசை இறுகும், இறுகினால் இரத்த ஓட்டம் குறையும், குறைந்தால் இன்னும் வலிக்கும். இந்தச் சுழல் ஓரிடத்தில் அறுந்தால் போதும். மரப்பு மருந்துகளில் லிக்னோகைன் ஒன்றிரண்டு மணி நேரத்தில் விட்டுவிடும், பியூபிவகைன் அதைவிடப் பல மணி நேரம் கூடுதலாக நிற்கும். ஆனால் மருந்து விட்ட பிறகும் வாய் பழையபடி இறுகிவிடாமல் இருப்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

இனி முகம் கோணுவது பற்றி. முகபாவத்தை இயக்குவது ஏழாவது நரம்பு, இது ஐந்தாவது. மருந்து கொஞ்சம் பரவி ஏழாவதன் கிளையைத் தொட்டால், அந்தப் பக்கத்துக் கண்ணை முழுசாக மூட முடியாமல் போகலாம், வாய் ஓரம் கொஞ்சம் தொங்கலாம். மருந்தின் வீரியம் போனதும் அது திரும்பிவிடும். அதுவரை கண் வறண்டு போகாமல் மூடி வைப்போம். பேச்சு போகாது. பாதி நாக்கு மரத்திருப்பதால் கொஞ்ச நேரம் குழறும், அவ்வளவுதான். ஆனால் உணர்ச்சி திரும்பும்வரை சூடான கஞ்சி கொடுக்கவே கூடாது. வாய் வெந்தாலும் தெரியாது, உதட்டைக் கடித்தாலும் தெரியாது.

சுங்கான்கடைப்_பையன்

எனக்கு இந்த ஊசி போட்டிருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். கீழ்க் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்து வாய் பூட்டிக்கொண்டது. உள்ளே சீழ் இருப்பதால் வாய்க்குள் ஊசி வேண்டாம், வெளியே கன்னத்து வழியாகப் போடலாம் என்று முடிவு செய்தார்கள்.

மல்லாக்கப் படுக்க வைத்து முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பினார்கள். டாக்டர் காதுக்கு முன்னால் விரலை வைத்து, "முடிந்தவரை கொஞ்சம் திற, மூடு" என்றார். எனக்கு ஒரு நூல் அளவுதான் அசைந்தது. அந்த அசைவில் எலும்பு எங்கே நகர்கிறது என்று அவர் விரலால் தேடியது தெரிந்தது. ஸ்பிரிட் குளிர்ச்சி, ஒரு சின்னக் குத்து, தோல் மரத்தது. அப்புறம் ஆழமாக ஓர் அழுத்தம். வலி என்று சொல்ல முடியாது, காதுக்குள் யாரோ விரலை வைத்து அமுக்குகிற உணர்வு. ஊசியோடு ஒரு சின்னக் கரண்ட் கருவியை இணைத்திருந்தார்கள். ஒரு கட்டத்தில் என் தாடை நான் சொல்லாமலேயே டக் டக் என்று துடித்தது. "இதுதான் இடம்" என்றார்கள். மருந்து போனது. கொஞ்ச நேரத்தில் கீழுதடு கனத்தது, நாக்கின் ஒரு பாதி காணாமல் போனது. அதுவரை ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்த பற்கள் தானாக விலகின. அந்த நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை. உடனே உள்ளே கீறிச் சீழை எடுத்துவிட்டார்கள்.

தக்கலை அண்ணே, சித்தியிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

தக்கலைக்காரன்

நன்றி தம்பி, இதைச் சித்திக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். கொஞ்சம் தெளிந்திருக்கிறார்கள். டாக்டர், வெளியே போடுவதா உள்ளே போடுவதா, எது நல்லது? வாய்தான் திறக்கவில்லையே, உள்ளே எப்படிப் போடுவார்கள்?

பல்மருத்துவர்_மார்த்தாண்டம்

அதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. 1960இல் வசிரானி எழுதினார், 1977இல் அகினோசி அதையே தனியாக விவரித்தார். இருவர் பெயரையும் சேர்த்து வசிரானி-அகினோசி முறை என்கிறோம். பற்கள் மூடியபடியே இருக்கலாம். கன்னத்தை மட்டும் விலக்கி, மேல் கடைவாய்ப் பற்களின் ஈறு விளிம்புக்குச் சற்று மேலே, பல்வரிசைக்கு இணையாக ஊசியைப் பின்னோக்கிச் செலுத்துவோம். தாடை எலும்பின் உள்பக்கத்தில் சுமார் 25 மில்லிமீட்டர் உள்ளே போய் மருந்தை விட வேண்டும். வழக்கமான ஊசியைவிட உயரத்தில் மருந்து போவதால் தசைக் கிளைகளும் மரக்கின்றன. 1973இல் வந்த கோ-கேட்ஸ் முறையும் உயரத்தில்தான் மருந்து விடுகிறது, ஆனால் அதற்கு வாயை அகலத் திறந்தாக வேண்டும். அது இந்தப் பையனுக்கு உதவாது.

மூடிய வாய் முறையில் ஒரு சிரமம் உண்டு. எலும்பில் ஊசி படுவதில்லை, அதனால் ஆழத்தைக் கையனுபவத்தில்தான் அறிய வேண்டும். அந்தப் பாதையில் சீழ் இருந்தால் அதைத் தொடவே கூடாது. சீழ் இடத்தில் மரப்பு மருந்து சரியாக வேலையும் செய்யாது, ஊசியே கிருமியை இன்னும் உள்ளே கொண்டுபோய்விடும். அப்போது சுங்கான்கடைத் தம்பிக்குப் போட்டதுபோல வெளிவழிதான். காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை என்கிறீர்கள். முதலில் முழுத் தாடை எக்ஸ்ரே ஒன்று எடுக்கட்டும். பல் எடுக்கும்போது தாடைக் கோணத்தில் மெல்லிய விரிசல் விழுந்திருந்தால் அதில் தெரிந்துவிடும்.

மயக்கமருந்து_நாகர்கோவில்

வெளிவழியை நானும் ஒரு வார்த்தை சொல்கிறேன். கன்ன எலும்பு வளைவுக்குக் கீழே, தாடை எலும்பின் மேல்விளிம்பில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தின் வழியே நேராகப் போனால் நாலைந்து சென்டிமீட்டரில் உள்ளே ஒரு தட்டையான எலும்பு தட்டும். ஊசியைக் கொஞ்சம் பின்வாங்கிப் பின்பக்கம் சாய்த்தால் நரம்பு. மாசெட்டருக்குப் போகிற கிளையும் அதே பள்ளத்தின் வழியாகத்தான் வெளியே வருகிறது. அதனால் அந்தத் தசை மட்டும் பிரச்சினை என்றால் அவ்வளவு ஆழம் போகவே வேண்டாம். மாசெட்டர் கிளையையும் பொட்டுத் தசைக்கான கிளையையும் ஒரே துளையில் மரக்க வைக்கிற சின்ன முறையும் இருக்கிறது.

இந்தப் பகுதியில் இரத்தக் குழாய்கள் நெருக்கம். ஒரு சிரைப் பின்னலும் பெரிய தமனி ஒன்றும் பக்கத்திலேயே ஓடுகின்றன. ஊசியை இழுத்துப் பார்த்து இரத்தம் வரவில்லை என்று உறுதியான பிறகே மருந்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும். இரத்தம் நீர்க்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மருந்து நேராக இரத்தத்தில் போனால் காதில் ரீங்காரம், வாயைச் சுற்றி மரமரப்பு, நாக்கில் உலோகச் சுவை, அதிகமானால் வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு வரை போகும். அதை முறிக்க 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் இருக்கிறது, உடல் எடை கிலோவுக்கு 1.5 மில்லி முதலில் கொடுப்பது. பிளாக் போடும் இடத்தில் அதுவும், ஆக்ஸிஜனும், மானிட்டரும் இருக்கிறதா என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு. கூச்சப்பட வேண்டாம்.

அளவைப் பற்றிப் பயம் வேண்டாம். அட்ரினலின் சேர்க்காத லிக்னோகைன் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம் வரை போகலாம். 50 கிலோ ஆளுக்கு 225 மில்லிகிராம், 2 சதவீத மருந்தில் 11 மில்லிக்குச் சற்று மேல். பல் மருத்துவர்களின் ஒரு குப்பியில் இருப்பது 1.8 மில்லிதான். வெளிவழியிலும் 5 மில்லி அளவில் வேலை முடிந்துவிடும்.

இதெல்லாம் தொழில்நுட்பம். நான் முக்கியமாக நினைப்பது வேறு. பிளாக் போட்ட பிறகு வாய் திறந்தால், அது தசை இறுக்கம் என்று உறுதியாகிறது. சரியாகப் போட்ட பிளாக்கில் உதடு மரத்து, தசை தளர்ந்த பிறகும் வாய் திறக்கவில்லை என்றால் வேறு எதுவோ பிடித்து நிறுத்துகிறது. மூட்டுக்குள் இருக்கும் தட்டு நழுவி முன்னால் அடைத்திருக்கலாம். கன்ன எலும்பு உடைந்து தாடையின் கொம்பில் இடிக்கலாம். தசையும் தோலும் நாராகிச் சுருங்கியிருக்கலாம். எனக்கு இது உயிர் முக்கியமான தகவல். இறுக்கத்தால் மூடிய வாய் மயக்க மருந்தில் தளரும், நாராகி மூடிய வாய் முழு மயக்கத்திலும் தளராது. தெரியாமல் தூங்க வைத்துவிட்டால் மூச்சுக்குழாய் வைக்க வழியில்லாமல் நிற்போம். ஆக, திறக்காமல் போன பிளாக்கை வீண் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுத்து ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அது சொல்லிவிட்டது.

குளச்சல்_கடல்

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒருவருக்குத் தூண்டில் முள் உள்ளங்கையில் ஏறி, கொஞ்ச நாள் கழித்துத் தாடை இறுகிக்கொண்டது. கழுத்தும் விறைக்கிறது என்கிறார். கடலுக்குப் போய்த்தான் குளிர் பிடித்திருக்கும் என்று இருக்கிறார்கள். அவருக்கும் இந்த ஊசி போடலாமா டாக்டர்?

மயக்கமருந்து_நாகர்கோவில்

அண்ணே, அவரை இப்போதே கூட்டிப் போங்கள். காலையில் போகலாம் என்று வைக்காதீர்கள். இது இரணஜன்னியாக இருக்கலாம், டெட்டனஸ். காயம் பட்டு 3 நாள் முதல் 21 நாளுக்குள் பெரும்பாலும் தொடங்கும், தாடைதான் பலருக்கு முதலில் இறுகும். கிருமியின் நஞ்சு நரம்பு மண்டலத்தில் தசைகளை அடக்கி வைக்கிற கட்டளையையே தடுத்துவிடுகிறது. தாடைக்குப் போகும் ஒரு நரம்பை மரக்க வைத்தால் தாடை தளரலாம், நோய் போகாது. கழுத்து, முதுகு, அப்புறம் மூச்சுத் தசை என்று இறங்கும்.

அவருக்கு வேண்டியது நஞ்சை முறிக்கும் இம்யூனோகுளோபுலின், காயத்தைத் திறந்து சுத்தம் செய்வது, கிருமிக்கு மெட்ரோனிடசோல், தசை தளர்த்தும் மருந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் சத்தமும் வெளிச்சமும் குறைந்த படுக்கை. ஆசாரிப்பள்ளத்துக்கே நேராகப் போங்கள், வழியில் சின்ன இடங்களில் நிறுத்தி நேரத்தை விட வேண்டாம். போனதும் "முள் குத்தியது, தாடை இறுகுகிறது, கழுத்து விறைக்கிறது" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

குளச்சல்_கடல்

வண்டி சொல்லியாயிற்று, கிளம்புகிறோம்.

மலையோரச்_செவிலி

குலசேகரம் பக்கம் வேலை பார்க்கிற செவிலியர் நான். பக்கவாதமும் தலைக்காயமும் வந்து படுத்த நோயாளிகளின் தாடை இறுக்கத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். அவர்களால் வலிக்கிறது என்று சொல்லவும் முடியாது. பல்லை நறநறவென்று கடித்து நாக்கு கிழிந்திருக்கும், வாய்க்குள் சுத்தம் செய்ய முடியாமல் நாற்றம் வரும், அந்த அழுக்கே நுரையீரலுக்குப் போய்ச் சளிக் காய்ச்சலாகும். வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்கள், பாவம், ஸ்பூனை வைத்து நெம்பிப் பல்லை உடைத்துக் கொண்டுவருவதைப் பார்த்திருக்கிறேன்.

இவர்களுக்கு முதலில் சோதனையாக ஒரு மரப்பு பிளாக் போட்டுப் பார்ப்பார்கள். தளர்ந்தால் தசை இன்னும் கெட்டுப் போகவில்லை என்று அர்த்தம். அப்புறம் மாசெட்டரிலும் பொட்டுத் தசையிலும், தசையைத் தளர்த்துகிற பொட்டுலினம் ஊசி. அது வேலை செய்யத் தொடங்கச் சில நாள் ஆகும், மூன்று மாதம்போல நிற்கும். அந்தக் காலத்தில் தினமும் வாய்ப் பயிற்சி, வாய்ச் சுத்தம். செலவு இருக்கிறது. ஆனாலும் படுத்தவரின் வாய் சுத்தமாக இருப்பது ஆடம்பரம் ஆகாது.

இன்னொன்றும் உண்டு. வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு ஊசி போட்ட சில மணி நேரத்தில் சின்ன வயதுப் பெண் ஒருத்திக்குத் தாடை இழுத்து, கழுத்து திரும்பி, கண் மேலே சொருகியது. குடும்பமே பேய் பிடித்துவிட்டது என்று அலறியது. அதற்கு பிளாக் வேண்டாம், புரோமெத்தசைன் ஊசி ஒன்றிலேயே சீக்கிரம் சரியாகிவிட்டது. அதனால் தாடை இறுகினால் கடைசியாக என்ன மருந்து எடுத்தார் என்று கேளுங்கள்.

வேளிமலை

இவ்வளவு விதம் இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. ஆனாலும் கேட்கிறேன், ஆசானிடமும் காட்டக் கூடாது என்கிறீர்களா?

பல்மருத்துவர்_மார்த்தாண்டம்

அப்படிச் சொல்ல மாட்டேன் அண்ணா. எக்ஸ்ரே எடுத்து, சீழும் முறிவும் இல்லை என்று தெரிந்த பிறகு, வெளியே தடவிச் சூடு கொடுப்பதை யாரிடம் செய்தாலும் எனக்குச் சம்மதம். காரணம் தெரியும் முன் தாடையை யாரும் திருகக் கூடாது. எங்கள் ஆட்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

தக்கலைக்காரன்

தகவல் சொல்கிறேன். எக்ஸ்ரேயில் விரிசல் எதுவும் இல்லை. மூடிய வாய் முறையிலேயே போட்டார்கள். ஊசி போடும் முன் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே அளந்தார்கள், 12 மில்லிமீட்டர். உதடு மரத்த கொஞ்ச நேரத்தில் 31 வந்தது. உள்ளே சீழ் இல்லை, தாடையின் உள்பக்கம் இரத்தம் கட்டியிருக்கிறது, அது தானாகக் கரையும் என்றார்கள். தளர்ந்திருந்த நேரத்திலேயே பயிற்சியைக் கற்றுக் கொடுத்தார்கள். ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல்லுக்கிடையில் வைத்து, வலிக்கிற எல்லைவரை மட்டும் போய், கொஞ்ச நேரம் பிடித்து, விட வேண்டும். இரண்டு நாளைக்கு ஒரு குச்சி கூட்ட வேண்டும். மருந்து விட்ட பிறகு கொஞ்சம் குறைந்தது, ஆனால் பழைய நிலைக்குப் போகவில்லை. மசித்த மரச்சீனியும் மீன் குழம்பும் உள்ளே போகிறது. முகம் கோணவில்லை என்று சித்தியே எழுதச் சொன்னார்கள்.

பல்மருத்துவர்_மார்த்தாண்டம்

ரொம்ப நல்லது. 35 மில்லிமீட்டரைத் தாண்டும்வரை குச்சியை நிறுத்த வேண்டாம். அவனுடைய சொந்த விரல் மூன்றை நெடுக்குவாக்கில் அடுக்கி வைத்தால் நுழைய வேண்டும், அதுதான் வீட்டு அளவு. வலி போய்விட்டது என்று பாதியில் விடுகிறவர்களுக்குத்தான் திரும்ப இறுகுகிறது.

ஈத்தாமொழி_அக்கா

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அப்பாவுக்கும் வாய் இரண்டு விரலுக்குமேல் திறக்காது. ஆனால் திடீரென்று வந்ததல்ல, சில வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வலி பெரிதாக இல்லை. காரம் பட்டால் வாய் எரிகிறது என்று குழம்பில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிடுகிறார். சின்ன வயதிலிருந்து முறுக்கான் போடுகிற ஆள், பாக்கு இல்லாமல் ஒரு வேளை கிடையாது. அவருக்கும் இந்த ஊசியில் திறக்குமா?

பல்மருத்துவர்_மார்த்தாண்டம்

அக்கா, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது தசை இறுக்கமாகத் தெரியவில்லை. பாக்கினால் வரும் சளிச்சவ்வடி நார்ப்பெருக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். கன்னத்தின் உள்தோல் வெளுத்து, மடங்காமல், விரலால் தடவினால் நார் நாராகத் தட்டுப்படும். 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்த இந்தியப் பெண்கள் ஐந்து பேரிடம் இதைப் பார்த்து எழுதினார், அடுத்த வருஷமே நம் நாட்டில் ஜோஷி எழுதினார். பிளாக் போட்டால் மரக்கும், திறக்காது. நரம்பு பிடித்து வைத்திருந்தால்தானே நரம்பை மரக்க வைத்துப் பலன்?

இதை நம் மாவட்டத்தில் எழுதும்போது எனக்கு நெய்யூர் ஞாபகம் வராமல் இருக்காது. 1838இல் தொடங்கிய அந்த மிஷன் மருத்துவமனையில் இருந்த டாக்டர் பென்டால், 1908இலேயே திருவிதாங்கூரில் பார்த்த 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அதில் வாய்ப் புற்றுதான் பெரும்பங்கு. 1933இல் அங்கிருந்தே ஓர் (Orr) என்கிற டாக்டர், வெற்றிலை போடுவோரின் வாய்ப் புற்றைப் பற்றி லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். புகையிலை சேர்க்காத பாக்கும் புற்று உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் உறுதியாக வகைப்படுத்தியது. நம் தோட்டத்துப் பாக்கு, கலப்படம் இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். நார் பிடிப்பதற்குக் கலப்படம் வேண்டாம், பாக்கே போதும்.

அதற்காக உடனே பயந்துவிடாதீர்கள். நார் பிடித்தவர்கள் எல்லாருக்கும் புற்று வருவதில்லை. ஆனால் வாய் குறுகக் குறுக உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது கடினமாகிறது, அதுதான் என் கவலை. பாக்கை நிறுத்துவதுதான் முதல் மருந்து. அதோடு குச்சிப் பயிற்சி, கன்னத்து உள்தோலில் ஸ்டீராய்டும் ஹையலுரோனிடேஸும் சேர்த்துப் போடும் ஊசிகள், மிகவும் குறுகினால் அறுவை. சந்தேகமான இடம் இருந்தால் சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பார்கள்.

ஈத்தாமொழி_அக்கா

நிறுத்தச் சொன்னால் கோபப்படுவார் டாக்டர். எங்கே கூட்டிப் போக?

மலையோரச்_செவிலி

அக்கா, குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, ஆசாரிப்பள்ளத்திலும் பல் பிரிவு இருக்கிறது, எது வசதியோ போங்கள். முறுக்கானை நிறுத்த என்று சொல்லிக் கூப்பிட்டால் வர மாட்டார். குழம்பு எரிகிறதே, அதைக் காட்டலாம் என்று கூப்பிடுங்கள். எனக்குத் தெரிந்த பெரியவர்கள் அப்படித்தான் வந்திருக்கிறார்கள்.

பல்மருத்துவர்_மார்த்தாண்டம்

போகும் முன் வீட்டிலேயே ஒரு ஸ்கேலை வைத்து முன்பற்களுக்கு இடையே அளந்து, தேதியோடு எழுதி எடுத்துப் போங்கள். பழைய பல் எக்ஸ்ரே இருந்தால் அதுவும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளின் சீட்டு, ஆஸ்பிரின் மாதிரி ஏதாவது சாப்பிடுகிறாரா என்பது, எல்லாம் வேண்டும். ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு எதையாவது அவர் நாக்கால் தடவிச் சொல்லியிருந்தால் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்குமேல் ஆறாத புண் இருந்தால் இந்த வாரமே போக வேண்டும்.

ஈத்தாமொழி_அக்கா

இடது கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது என்று இப்போது கேட்டதும் சொல்கிறார். வியாழக்கிழமை குலசேகரம் போகிறோம், பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.